பில்ட் ஆகாத பஞ்சாங்கம்

வில்,
சுவிஸ்,
ஐப்பசி, 2023.

அன்புள்ள மருமகள் கிருசிகாவுக்கு,

பாசலில் நீரும் உம்முடைய வேலையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க, நான் இங்கே கும்பிடுகிற பிள்ளையார் அங்கேயும் ஒரு கண் வைத்திருப்பாராக. என்னைப் பற்றிக் கேட்பீரானால், பிறஷர் குளிசையை ஒழுங்காகப் போடுகிறேன், முழங்கால் ஒழுங்காக நோகிறது, மூடுபனி வந்து இறங்கினதில் இருந்து எதிர்வீட்டு யன்னலைக்கூடக் காணவில்லை, மற்றப்படி சொல்லும்படியாக ஒன்றும் இல்லை.

நீர் ரெலிபோனில், "மாமா, எங்கயெங்க தடக்குப்படுறீங்களோ அதை அப்பிடியே எழுதி அனுப்புங்கோ, நான் பஞ்சாங்கச் செயலியின்ர விளக்கக் குறிப்பைத் திருத்திவிடுறன்" என்று சொன்னீர். அந்த வாக்கை நம்பித்தான் இதை எழுதுகிறேன். ஈமெயிலில் நாலு வரியாக எழுதலாம்தான். ஆனால் நாலு வரிக்குள் அடங்கிப்போகிற துன்பமாக இது எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் கடுதாசி எடுத்து, முத்திரை ஒட்டி, பழைய முறையில் எழுதுகிறேன். பொறுமையாக வாசியும்.

முறைப்பாடு எழுதுகிறவர்கள் முதலில் "நான் என்ன செய்ய வெளிக்கிட்டேன்" என்று தெளிவாக எழுதவேண்டும் என்று உம்முடைய குறிப்பிலேயே போட்டிருக்கிறீர். ஆகையால் உமக்குத் தெரிந்த கதைதான் என்றாலும் எழுதுகிறேன். என் மனைவி, உம்முடைய மாமி இராஜேஸ்வரி, போன கார்த்திகையில் ஆஸ்பத்திரியில் விடியப்புறமாகக் கண்ணை மூடினா. மூடின நேரத்தில் என்ன திதி என்பதில் எனக்கும் அவவின் தம்பியான உம்முடைய அப்பா தவச்செல்வனுக்கும் சண்டை. எங்கள் வீட்டில் பரம்பரையாகத் திருக்கணித பஞ்சாங்கம். அவ பிறந்த வீட்டில் வாக்கிய பஞ்சாங்கம். இரண்டுக்கும் சில மணித்தியாலம் வித்தியாசம் வரும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவ இருக்கும் வரைக்கும் அந்த வித்தியாசத்தால் எங்கள் வீட்டில் ஒரு குழப்பமும் வந்ததில்லை. இரண்டு கலண்டரையும் குசினிச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு, விரதச் சமையலுக்கு எந்த நாள் வசதியோ அந்தக் கலண்டரைப் பார்ப்பா. அவ போன கையோடு இரண்டு கலண்டரும் ஒத்துவராமல் போய்விட்டன. என்னுடையது துவாதசி என்றது. தவத்தினுடையது ஏகாதசி என்றது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று, வந்த சனம் சாப்பிடக் குந்தியிருக்க, தவம் எழும்பி நின்று, "அக்காவின்ர சாவையும் உங்கட வீட்டுக் கலண்டரிலயோ அத்தான் எழுதப்போறியள்?" என்று கேட்டான். நானும் விடவில்லை. "அவ என்ர வீட்டில இருந்துதானே போனவ" என்று சொன்னேன். வடையையும் பாயாசத்தையும் அப்படியே வைத்துவிட்டு லா ஷோ-து-ஃபோனுக்கு ரெயின் ஏறினவன், அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

இப்போது வருடம் முடிகிற ஆட்டைத் திவசம் வருகிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இந்த நாட்டில் அவவுக்கு உரித்தென்று இருக்கிறவர்கள் நானும் அவனும் நீரும்தான். அவன் அங்கே ஏகாதசியில் ஒரு ஐயரைக் கூப்பிட்டு ஒரு திவசம் செய்ய, நான் இங்கே துவாதசியில் இன்னொரு ஐயரைக் கூப்பிட்டு இன்னொரு திவசம் செய்தால், ஒரு மனுஷிக்கு இரண்டு ஊரில் இரண்டு அரைத் திவசமாகத்தான் அது முடியும். உயிரோடு இருந்தபோது தம்பிக்கும் புருஷனுக்கும் ஒரே மேசையில் சாப்பாடு போட்டவ. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குதில்லை. இங்கே சில பேர், "ஞாயிற்றுக்கிழமை வையுங்கோ அண்ணை, அப்பதான் சனம் வரும்" என்று சொல்லிப் பார்த்தார்கள். சுவிஸில் எங்கள் ஆட்களின் திதி எல்லாம் ஞாயிற்றுக்கிழமையில்தான் வருகிறது. ஆனால் உம்முடைய மாமிக்கு வயோதிபர் இல்லத்தில் வேலை செய்த காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்ததே இல்லை. செத்த பிறகும் ஞாயிற்றுக்கிழமையில் அவவைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. சரியான திதியில்தான் செய்யவேண்டும், தவமும் வரவேண்டும். எனக்கு வேண்டியது இவ்வளவும்தான்.

அதற்குத்தான் உம்முடைய பஞ்சாங்கம். நீரும் சிநேகிதப் பிள்ளைகளும் சேர்ந்து செய்கிற அந்தச் செயலி வாக்கியமும் பார்க்கும், திருக்கணிதமும் பார்க்கும், சுவிஸ் நேரத்துக்கும் பார்க்கும் என்று கேள்விப்பட்டபோது, ஒரு மெஷினுக்கு வீட்டுப் பக்கம் ஒன்றும் இல்லைத்தானே, அது சொன்னால் தவமும் கேட்பான் என்று நம்பினேன். "பிள்ளை, மாமி போன நேரத்தை ஒருக்காப் போட்டுப் பார்த்துச் சொல்லும்" என்று உம்மைக் கேட்டேன். நீர் மாட்டேன் என்றீர். "நான் சொன்னா ஒண்டில் அப்பா கோவிப்பார், இல்லாட்டி நீங்கள் கோவிப்பீங்கள் மாமா. அவர் தன்ர கொம்பியூட்டரில பில்ட் பண்ணட்டும், நீங்கள் உங்கட கொம்பியூட்டரில பண்ணுங்கோ. ரெண்டு பேரும் தங்கட கண்ணால பார்த்தாத்தான் நம்புவீங்கள்" என்றீர். அது நியாயம். நியாயமாக இருப்பதாலேயே எனக்கு இன்னும் எரிச்சல்.

போனில் கிடைக்கிற பதிப்பில் யாழ்ப்பாண நேரம் மட்டும்தானாம். சுவிஸ் ஊர்கள் சேர்த்த புதுப் பதிப்பு இன்னும் சோர்ஸ் கோடாகத்தான் இருக்கிறதாம். சோர்ஸ் கோட் என்றால் என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போது மிக நன்றாகத் தெரியும். மற்றவர்கள் சமைத்த சாப்பாட்டைத் தருவார்கள். நீங்கள் அரிசியையும் பருப்பையும் வாசலில் வைத்துவிட்டு, சமைக்கிற வழியை ஒரு துண்டில் எழுதி வைத்துவிட்டுப் போய்விடுகிறீர்கள். அந்தச் சமையலுக்குப் பில்ட் என்று பெயர், அந்தத் துண்டுக்கு ரீட்மீ என்று பெயர். அதை நான் வாசித்தேன் பிள்ளை. இரும்புத் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில் மெஷினுக்கு முன்னால் ஒட்டியிருந்த பாதுகாப்பு விதிகளைக்கூட நான் இப்படி வாசித்ததில்லை.

முதல் வரியிலேயே "தேவையானவற்றை நிறுவிக்கொள்ளவும்" என்று இருக்கிறது. எவை தேவையானவை என்று எழுதியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? பழஞ்சாமான் கடையில் ஒரு லப்ரொப் வாங்கினேன். லினக்ஸ் போட்டு, ஜேர்மன் மொழியில் எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தார்கள். அதில் நீர் எழுதின கட்டளையைத் தட்டினேன். ஒரு சாமான் இல்லை என்று சொன்னது. தேடிப் பிடித்துப் போட்டேன். உடனே இன்னொன்று இல்லை என்றது. அதையும் போட்டேன். மூன்றாவது ஒன்று இல்லை என்றது. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பெர்மிற் எடுக்கப் போன ஒவ்வொரு முறையும் இப்படித்தான் ஒரு கடுதாசி குறையும். அங்கேயாவது கவுண்டருக்குப் பின்னால் ஒரு மனுஷி இருந்தா, திட்டமுடியாவிட்டாலும் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். உம்முடைய குறிப்பில் பார்க்க ஒரு முகமும் இல்லை. என்னென்ன வேண்டும், எந்தப் பதிப்பு வேண்டும், இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, எல்லாவற்றையும் மேலேயே எழுதிவிடும். சமைக்கத் தொடங்கின பிறகு உப்புக்குக் கடைக்கு ஓடுகிற வயது எனக்கு இல்லை.

கட்டளைகளைத் தட்டுவதே பெரும்பாடு. சுவிஸ் கீபோட்டில் y இருக்கவேண்டிய இடத்தில் z இருக்கிறது. நீர் எழுதியிருக்கிற சாய்ந்த கோடு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்க முந்தி, அடுப்பில் வைத்த சோறு அடிப்பிடித்து, கீழ்வீட்டுச் சுவிஸ் மனுஷி ஃபிராவ் அம்மான் மேலே ஏறி வந்து, நெருப்புப் பிடித்துவிட்டதோ என்று கேட்டா. இல்லை, பஞ்சாங்கம் பில்ட் ஆகிறது என்று சொன்னேன். அந்த மனுஷி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு எந்த மொழியிலும் சொல் இல்லை. அடுத்த நாள் கதவடியில் ஒரு கிண்ணம் சூப் வைத்திருந்தா. மனைவி செத்த பிறகு ஆளுக்கு மூளை கலங்கிவிட்டது என்று முடிவுகட்டிவிட்டா போல.

பிறகு எரர் வந்தது. பக்கம் பக்கமாகக் கொட்டி, கடைசியில் "எரர் 1" என்று ஒரு வரி. சரி, இதுதான் பிழையாக்கும் என்று அதை எழுதி இணையத்தில் தேடினேன். உலகத்தில் எரர் 1 வராத மனுஷர் இல்லை. ஆளாளுக்கு ஒவ்வொரு காரணம். ஒரு கிழமை அந்த ஒரு வரியோடு மாரடித்த பிறகுதான், நீர் வேலை இடைவெளியில், "கடைசி வரியை விடுங்கோ மாமா, மேல போய் முதலாவதா வந்த எரரைப் பாருங்கோ" என்று சொன்னீர். அந்த ஒரு வசனம், பிள்ளை, அந்த ஒரு வசனம் உம்முடைய குறிப்பில் எங்கேயும் இல்லை. செத்தவீட்டுக்குக் கடைசியாக வருகிறவனைப் பிடித்து வைத்து, ஆள் எப்படிச் செத்தது என்று ஒரு கிழமையாக விசாரித்திருக்கிறேன். அவனுக்கு என்ன தெரியும்? இதைப் பெரிய எழுத்தில் போடும்.

"சிக்கல் வந்தால்" என்று தலைப்பு வைத்து ஒரு பகுதி எழுதியிருக்கிறீர். சந்தோஷப்பட்டுப் போய்ப் பார்த்தால் இரண்டே வரி. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலில் இருந்து தொடங்கவும். அதற்கும் சரிவராவிட்டால், ஏற்கெனவே செய்தவர்களிடம் கேட்கவும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் இருந்து தொடங்குகிற வித்தையை எங்கள் சனத்துக்கு நீர் எழுதிச் சொல்லவேண்டியதில்லை. அதைச் செய்துதான் இந்த நாட்டில் குந்தியிருக்கிறோம். இருந்தாலும் சொன்னபடி அழித்தேன், தொடங்கினேன். அதே இடத்தில் அதே எரர் வந்தது. அழித்துவிட்டுத் தொடங்கினால் என்ன சரிவரும், என்ன சரிவராது என்றாவது எழுதியிருக்கலாம்.

ஏற்கெனவே செய்தவர்களிடம் கேட்போம் என்று உங்கள் பக்கத்தில் இருக்கிற கேள்வி பதில் இடத்துக்குப் போனேன். வெறிச்சோடிக் கிடந்தது. நோர்வேயில் இருக்கிற ஒருவர் மட்டும், "எனக்கும் இதே பிரச்சினை" என்று எழுதி, அதற்குக் கீழே தானே, "சரிவந்திட்டுது, நன்றி" என்றும் எழுதியிருக்கிறார். எப்படிச் சரிவந்தது என்று அந்தப் புண்ணியவான் எழுதவில்லை. நானும் யோசித்துப் பார்த்தேன். செய்து பார்த்துத் தோற்றவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருக்கத்தான் வேண்டும். ஆனால் எங்கட ஆட்கள் தோற்றதை நாலு பேர் பார்க்க எழுதிவைக்கமாட்டார்கள். தெரிந்த ஆளுக்கு ரெலிபோன் எடுப்பார்கள். வழி கிடைத்தால் அது அந்த ரெலிபோனோடு முடிந்துபோகும். அடுத்தவன் திரும்பவும் முதலில் இருந்து தடக்கி விழுவான். நீர் என்னிடம் கேட்ட மாதிரி ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கி எழுதிவைத்தால் ஒழிய இதற்கு விடிவில்லை.

கடைசியில் நானும் எங்கட ஆட்கள் செய்கிறதைத்தான் செய்தேன். உமக்கு ரெலிபோன் எடுத்தேன். நீர் என்ன செய்தீர்? "அப்பாவுக்கும் உந்த இடத்திலதான் ஏதோ எரராம். அவரிட்டக் கேளுங்கோ மாமா, ட்ராம் வந்திட்டு" என்று வைத்துவிட்டீர். ட்ராம் வந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. இருந்தாலும் நம்புகிறேன்.

ஆக, இந்தக் கடிதத்தின் முக்கிய முறைப்பாடு இதுதான்: உம்முடைய குறிப்பு ஒழுங்காக இருந்திருந்தால், நான் உம்முடைய அப்பாவோடு கதைக்கவேண்டி வந்திருக்காது. ஒரு வருடமாகக் கதைக்காத மனுஷனுக்கு ரெலிபோன் எடுக்கிறதென்றால் லேசான காரியமோ? நம்பரை அழுத்திவிட்டு, எடுக்கமாட்டான் என்று நினைத்துக்கொண்டிருக்க, எடுத்துவிட்டான்.

"என்ன?" என்றான். அத்தான் என்றுகூடச் சொல்லவில்லை.

"எரர் ஒண்டு" என்றேன்.

"எங்க?"

"ரெண்டாவது கட்டளையில."

"வாசியுங்கோ."

வாசித்தேன். "டத்தாய் ஓடர் ஃபெர்ட்சைக்னிஸ் நிஹ்ற் கெஃபுண்டன்" என்று என்னுடைய ஜேர்மன் லப்ரொப் சொன்னதை அப்படியே வாசித்தேன். அவன், "என்ரை அது இல்லை, வேற" என்றுவிட்டுத் தன்னுடையதை வாசித்தான். "ஓக்கன் ஃபிஷியே" என்று தொடங்கி மூக்கால் ஏதோ சொன்னான். அவனுடைய கொம்பியூட்டர் பிரெஞ்சு. எனக்குப் பிரெஞ்சு தெரியாது, அவனுக்கு ஜேர்மன் தெரியாது. தெரியாது என்று சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. "ஓ, அது வேறதான்" என்று நானும் பெரிய மனுஷன் மாதிரிச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அந்தக் கிழமை முழுக்க, வந்து நிற்கிறது இரண்டு வேறு நோய் என்று நினைத்து, ஆளுக்கொரு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு பின்னேரமும் ரெலிபோன். ஒவ்வொரு பின்னேரமும் நான் ஜேர்மனில் வாசிக்க, அவன் பிரெஞ்சில் வாசிக்க, பிறகு "நாளைக்குப் பாப்பம்." ஒரு நாள் அவனுக்குத்தான் பொறுமை போய், "அத்தான், உந்தக் கெஃபுண்டன் எண்டா என்ன கருத்து?" என்று கேட்டான். "தேடின சாமானைக் காணேல்லையாம்" என்றேன். "என்ரையும் காணேல்லை எண்டுதானே சொல்லுது!" என்றான். ஒரே எரர், பிள்ளை. ஒரே எரர்! பில்ட் தொடங்க முந்தி ஒரு சின்னக் கட்டளை கொடுத்தால் எரர் எல்லாம் ஆங்கிலத்தில் வரும் என்று பிறகு நீர்தான் சொன்னீர். சுவிஸில் நாலு மொழி என்பது நீர் பிறந்ததில் இருந்து உமக்குத் தெரியும். அதை முதல் வரியில் போட்டிருக்கக்கூடாதோ?

அந்த எரருக்குக் காரணத்தைக் கண்டுபிடித்ததும் தவம்தான். நியாயமாக அதையும் எழுதவேண்டும். "உங்கட ஃபோல்டருக்கு என்ன பேர் வைச்சனீங்கள் அத்தான்?" என்று கேட்டான். எனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. இந்த வேலைக்கென்று ஒரு ஃபோல்டர் திறக்கும்படி உம்முடைய குறிப்பில் இருந்தது, என்ன பெயர் என்று இல்லை. யாருக்காகச் செய்கிறோமோ அவவின் பெயரைத்தான் வைத்தேன். "அக்காவின்ர பேர்" என்றேன். "தமிழிலயோ?" "தமிழிலதான். பக்கத்தில ஆட்டைத் திவசம் எண்டும் போட்டனான்." போன் வெட்டுப்பட்டுவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு, "நானும் அக்காவின்ர பேரைத்தான் தமிழில போட்டனான்" என்றான்.

பெயரில் தமிழ் எழுத்து இருக்கக்கூடாதாம், நடுவில் இடைவெளியும் விடக்கூடாதாம், விட்டால் பில்ட் பண்ணுகிற கருவிகளில் ஒன்றுக்குப் பாதை விளங்காதாம். தமிழர் திதி பார்க்கத் தமிழ்ப் பிள்ளைகள் செய்த பஞ்சாங்கம், தமிழில் பெயர் எழுதின பெட்டிக்குள் இருந்தால் மூச்சுவிடாதாம்! இதை எங்கே எழுதியிருக்கிறீர்? எங்கேயும் எழுதவில்லை. "அப்ப என்ன பேர் வைப்பம்?" என்று கேட்டேன். "இங்கிலீசில test எண்டு வையுங்கோ அத்தான், நானும் அதையே வைக்கிறன்" என்றான். இரண்டு பேரும் ரெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டே மாற்றினோம். அவ செத்த மறு மாதம் வீட்டு நிர்வாகம் கடிதப்பெட்டியில் இருந்த பெயர்த்தகட்டை மாற்றச் சொன்னபோது நான் அழவில்லை, திருகாணியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். இந்த ஃபோல்டரின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழிக்கும்போது அழுதேன். அங்கால் தவம் மூக்கை உறிஞ்சினான். லா ஷோ-து-ஃபோனில் அப்போதே சரியான குளிர் என்று சொன்னான்.

இதற்குப் பிறகும் விட்டதோ? கொம்பைலர் என்கிற கருவி பழசு என்றது. புதுசு போட்டேன், அது கனக்கப் புதுசு என்றது. தவத்தின் கொம்பியூட்டரில் இடம் போதவில்லை என்றது. எனக்கு எல்லாம் ஏறி வந்து தொண்ணூறு வீதத்தில் லப்ரொப் சூடாகி நின்றது. யன்னலைத் திறந்து மூடுபனிக்குள் பிடித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெலிபோன். ஒவ்வொரு பின்னேரமும் அவன் மணிக்கூட்டுத் தொழிற்சாலையால் வந்து, முகம் கழுவி, தேத்தண்ணி ஊத்திக்கொண்டு எடுக்கிறான். கரண்டி சுத்துகிற சத்தம்கூட எனக்குக் கேட்கிறது. கதைக்கிறது முழுக்க எரர் தான். அவவைப் பற்றி ஒரு நாளும் கதைக்கிறதில்லை. அவனுடைய வாசிப்பு சரியான மெது, ஒரு வரியை மூன்று தரம் வாசிப்பான், நடுவில் "பொறுங்கோ அத்தான், கண்ணாடி" என்பான். எவ்வளவு நேரம் வீணாய்ப் போகுது! ஒரு ஒழுங்கான குறிப்பு இருந்தால் இந்தக் கதையெல்லாம் தேவையோ சொல்லும் பார்ப்போம்?

இப்ப நாங்கள் இரண்டு பேரும் கடைசிப் படியிலதான் நிற்கிறம். என்னுடையதும் பில்ட் ஆகவில்லை, அவனுடையதும் ஆகவில்லை. திவசம் கிட்டிக்கொண்டு வருகுது. ஐயருக்கு நாள் சொல்லவேணும், அவன் வேலையில் லீவு எழுதிக் கொடுக்கவேணும். ஆனபடியால் மேலே எழுதின எல்லாவற்றையும் உடனே திருத்திப் போடும். தேவையான சாமான்களின் பெயர், முதல் எரரைப் பார்க்கவேண்டும் என்கிற விஷயம், எரர் மொழி, ஃபோல்டர் பெயர், ஒன்றும் விடுபடக்கூடாது. எரரை அப்படியே எழுதி, அதற்குக் கீழே காரணத்தையும் எழுதும். இனி வருகிறவன் ஒரு ஆளையும் கூப்பிடாமல், தன்பாட்டில் குந்தியிருந்து, ஒரு பின்னேரத்தில் செய்து முடிக்கக்கூடிய மாதிரி இருக்கவேண்டும். நான் பட்ட பாடு வேறு ஒருத்தரும் படவேண்டாம்.

வேறு விசேஷம் இல்லை. குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு திரியும். வேலை வேலை என்று கண்ட நேரத்தில் சாப்பிடாதேயும். மாமியின் ஆசீர்வாதம் எப்போதும் உமக்கு உண்டு, நீர் எழுதுகிற கோட் எல்லாம் பிழையில்லாமல் ஓட அவ பார்த்துக்கொள்ளுவா. நீர் நீண்ட காலம் நல்லாயிருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உம்மில் அன்பும், உம்முடைய ரீட்மீயில் மனவருத்தமும் உள்ள மாமா,
சச்சிதானந்தன்.

பி.கு.: ஒட்டின கடித உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதினதைப் பார்த்து உம்முடைய குறிப்பில் ஒன்றையும் திருத்தவேண்டாம். உண்மையில் என்னுடையது போன வியாழக்கிழமையே பில்ட் ஆகிவிட்டது. மாமி போன நேரத்தைப் போட்டுப் பார்த்தேன். யாழ்ப்பாணக் கலண்டரை நாங்கள் இரண்டு பேரும் நாலரை மணித்தியாலம் பின்னுக்கு நிற்கிற சுவிஸ் மணிக்கூட்டை வைத்துப் பார்த்ததால் வந்த வினைதான் எல்லாம். நேரத்தைச் சரியாகக் கொடுத்தால் வாக்கியத்திலும் துவாதசி, திருக்கணிதத்திலும் துவாதசி. வென்றது நான். இந்த ஒரு வருடமாக இதற்குத்தான் காத்திருந்தேன். அவனுக்குச் சொல்லப் போனைக் கையில் எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். சொல்லிவிட்டால் நாளைப் பின்னேரம் அவன் எதற்கு எடுப்பான்? அன்று பின்னேரம் அவன் எடுத்து, "எங்க நிக்குது அத்தான்?" என்று கேட்டபோது, வாயில் வந்ததைச் சொன்னேன். "சந்திரனைக் காணேல்லை எண்டு சொல்லுது தவம், நாற்பதாம் வரியில." அப்படி ஒரு எரர் உம்முடைய பஞ்சாங்கத்தில் இல்லை, உலகத்திலேயே இல்லை, பருப்பைக் கிண்டிக்கொண்டு நின்றபடி நான் உண்டாக்கினது. அவன் கரண்டி சுத்துகிற சத்தம் நின்றது. பிறகு, "எனக்கும் உதுதான் அத்தான் வந்திருக்கு. நாற்பதாம் வரிதான். சந்திரனைக் காணேல்லையாம். நாளைக்கும் பாப்பம்" என்றான். போனை வைக்க முந்தி, கார்த்திகைத் துவாதசிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். ஏன் துவாதசிக்கு என்று நான் கேட்கவில்லை.